காரணமறிந்து சோதிப்போம்

(கோபர்கைரனேயில் நடைபெற்ற சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுவிழா என்றால் இசையும் நடனமும் நாடகமும் மலிந்திருக்கும். அவற்றிற்கிடையே நோயைப் பற்றியும் சோதனையைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், நம் குடியிருப்பின் அன்றாட வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது என்பதாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம். மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டுக் கடன் தவணைக்கும் அடுத்தபடியாக, நம்மவர் பலருடைய வரவு செலவுக் கணக்கில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கின்றது. அதுதான் மருத்துவப் பரிசோதனைச் செலவு.

நோயுற்றவரைச் சோதிப்பதைக் குறை கூற நாம் வரவில்லை. காய்ச்சல் விடாதபோது ரத்தத்தைச் சோதிப்பதும், நெஞ்சு வலிக்கும்போது இ.சி.ஜி. எடுப்பதும் உயிரைக் காக்கும் செயல்கள். அறிகுறி ஏதுமின்றி, மருத்துவர் ஆய்ந்து கூறிய காரணமும் இன்றி, ‘எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோமே’ என்று செய்துகொள்ளும் சோதனைகளே இன்றைய நம் பேச்சுக்குப் பொருள்.

சோதனை பெருகியதில் நன்மையும் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். நம் ரயில் நிலையத்துக்கு அடுத்த நிலையமாகிய துர்பேயையே பாருங்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த தமிழர் வேலுமணி அவர்கள், பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிய பின்னர், 1996-இல் மும்பையில் தைரோகேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அது பிற்காலத்தில் துர்பேயில் பெரிய ஆய்வுக்கூடம் அமைத்தது. நாடெங்கிலுமிருந்து விமானத்தில் வந்து சேரும் ரத்த மாதிரிகளை இரவோடிரவாகச் சோதித்து முடிவை அனுப்பும் முறையையும் வகுத்தது. இத்தகைய முயற்சிகளால் சோதனையின் விலை குறைந்தது. எளியோர்க்கும் அது எட்டியது. பாராட்டத்தக்க செய்தியே. ஆனால் விலை குறைந்த பொருளைத் தேவையற்றபோதும் வாங்குவது மனித இயல்பு. சேலையை அவ்வாறு வாங்கினால் அலமாரியில் இடம் குறையும், அவ்வளவே. சோதனையை அவ்வாறு வாங்கினால் நேர்வது யாது? அதைத்தான் ஆராய வேண்டும்.

சோதனை என்பது உடலைப் பார்த்துக் கேட்கும் ஒரு கேள்வி. கேள்வி தெளிவாக இருந்தால் விடையும் பயன்படும். கேள்வியே இல்லாமல் விடையை மட்டும் வாங்கிக்கொண்டால், அந்த விடையை வைத்துக்கொண்டு செய்வதறியாது திகைப்போம்.

அறிக்கைத் தாளில் நம் அளவுக்கு எதிரே ‘இயல்பு வரம்பு’ என்று இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண்கள் எங்கிருந்து வந்தன? நலமாயிருக்கும் பலரைச் சோதித்து, அவர்களுள் நடுவில் நிற்கும் 100-க்கு 95 பேருடைய அளவுகளை எல்லையாகக் கொள்வது பொதுவழக்கு. சர்க்கரை, கொழுப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் எல்லையை வேறு முறையில் வகுப்பதுண்டு. அப்படியானால் எஞ்சிய 5 பேர் நோயாளிகளா? இல்லை, அவர்களும் நலமுடையவர்களே. கணக்கின் வசதிக்காக எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ஆகவே முழு நலமுடைய ஒருவருக்கு ஒரு சோதனை செய்தால், 20-இல் ஒரு பங்கு ‘இயல்பு அன்று’ என்று வர வாய்ப்புண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒருங்கே செய்தால், நலமுடைய 100 பேருள் 64 பேருக்கு ஏதேனும் ஒன்றாவது தவறி நிற்கும். இன்று விற்கப்படும் முழுவுடற் பரிசோதனைத் தொகுப்புகளோ அறுபது, எண்பது, நூறு அளவுகளைத் தருவதாகப் பெருமை பேசுகின்றன. அத்தகைய தாளில் ஒரு வரியேனும் தடித்த எழுத்தில் வராமற் போனால்தான் வியப்பு.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். நம் செக்டரில் 1,000 பேர் இருப்பதாகவும், அவர்களுள் ஒருவருக்கு மட்டுமே ஒரு நோய் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 95 முறை சரியாகச் சொல்லும் ஒரு நல்ல சோதனையை அனைவர்க்கும் செய்கின்றோம். நோயுள்ள ஒருவரை அது பெரும்பாலும் காட்டிவிடும்; அத்துடன் நோயில்லாத சுமார் 50 பேரையும் நோயுள்ளவராகக் காட்டும். அஞ்சி நடுங்குவோர் 51 பேர். உண்மையில் நோயுடையவர் ஒருவரே. இப்போது அதே சோதனையை, அறிகுறி கண்டு மருத்துவர் ஐயுற்று அனுப்பிய 1,000 பேரிடம் செய்வோம். அவர்களுள் 500 பேருக்கு நோய் உண்டு என்று கொள்வோம். அப்போது நோயுள்ளதாகக் காட்டப்படும் 500 பேரில் 475 பேர் உண்மையாகவே நோயுடையவர்கள். கருவி அதுவே, ரசாயனமும் அதுவே. யாரிடம், எக்காரணத்தால் கேட்டோம் என்பதுதான் விடையின் மதிப்பை மாற்றிவிட்டது.

பெண்களுக்கான சில தொகுப்புகளில் சி.ஏ. 125 என்னும் சோதனையைச் சேர்க்கின்றனர். சினைப்பைப் புற்றுநோயில் உயரும் பொருளை அளப்பது அது. ஆனால் அப்பொருள் மாதவிடாய்க் காலத்திலும், கருப்பைக் கட்டியிலும், கருவுற்றிருக்கும்போதும் உயரக்கூடும். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2021-இல் முடிவு வெளியிட்டனர். அறிகுறியற்ற பெண்களை இவ்வகையில் சோதித்ததால் அந்நோயால் நேரும் மரணம் குறையவில்லை என்பதே அம்முடிவு.

‘தவறாகக் காட்டினால் மறுபடியும் ஒரு சோதனை செய்து தெளியலாமே’ என்று கேட்கலாம். அங்கேதான் சங்கிலி தொடங்குகின்றது. ரத்தத்தில் ஓர் எண், அதற்காக ஒரு ஸ்கேன், ஸ்கேனில் ஒரு புள்ளி, புள்ளிக்காக ஊசியிட்டுச் சதை எடுத்தல், அதன்பின் அறுவை என்று வளர்ந்துகொண்டே போகும். இச்சங்கிலியில் ஒரு நாடே சிக்கிய வரலாறு உண்டு.

தென்கொரியாவில் 1999-இல் அரசு புற்றுநோய்க் கண்டறியும் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு சோதனை அத்திட்டத்தில் இல்லை. எனினும் சிறிது பணம் கூடத் தந்தால் கழுத்தையும் ஸ்கேன் செய்து பார்க்கலாம் என்று மருத்துவமனைகள் அழைத்தன. மக்களும் விரும்பிச் செய்துகொண்டனர். 1993-ஆம் ஆண்டோடு ஒப்பிட, 2011-இல் தைராய்டுப் புற்றுநோய் 15 மடங்காகிவிட்டது. அவ்வோராண்டில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோர்க்கு அந்நோய் இருப்பதாகக் கூறினர். ஆனால் அந்நோயால் இறப்போர் தொகை கூடவுமில்லை, குறையவுமில்லை. இதன் பொருள் யாது? பலர் கழுத்தில் வாழ்நாள் முழுதும் உறங்கிக்கிடந்து, ஒருபோதும் துன்பம் தராமலே போயிருக்கக்கூடிய சிறு கட்டிகளை ஸ்கேன் எழுப்பிக் காட்டிவிட்டது. கண்டபின் விட்டுவைக்க மனம் வருமா? அவர்களுள் ஏறக்குறைய அனைவருமே அறுவை செய்துகொண்டனர். அவ்வாறு அறுவைக்குட்பட்ட 15,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 11 பேருக்கு உடலின் கால்சியத்தைக் காக்கும் சுரப்பிகள் குன்றியதும், நூற்றுக்கு இருவருக்குக் குரல்நாண் செயலிழந்ததும் தெரியவந்தன. தைராய்டு முழுவதும் அகற்றப்பட்டோர் வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டியவராயினர். 2014-இல் அந்நாட்டு மருத்துவர் சிலரே ஒன்றுகூடி, காரணமின்றிக் கழுத்தை ஸ்கேன் செய்யாதீர் என்று குரல் எழுப்பினர். அடுத்த ஓராண்டிலேயே இவ்வறுவைகள் 35 சதவீதம் குறைந்தன. நோயை உண்டாக்கியதும் ஒரு சொல். குறைத்ததும் ஒரு சொல்.

கடல் கடந்த கதை என்று இதை ஒதுக்கிவிட வேண்டா. நம் நாட்டில் காசநோயைக் கண்டறிய ஒருவகை ரத்தச் சோதனை பல்லாண்டுகளாகத் தனியார் கூடங்களில் பரவலாக விற்பனையாயிற்று. ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளைக் கொண்டு நோயை உரைக்கும் சோதனை அது. இல்லாத நோயை உண்டென்றும், உள்ள நோயை இல்லையென்றும் அது கூறியது. இல்லாத நோய்க்கு மாதக்கணக்கில் மருந்து உண்டவர் ஒருபுறம். மருந்தின்றி இருமி வீட்டாருக்கும் நோயைப் பரப்பியவர் மறுபுறம். 2011-இல் உலகச் சுகாதார நிறுவனம் இச்சோதனையைப் பயன்படுத்தலாகாது என்று அறிவித்தது. 2012-இல் இந்திய அரசு தடையே விதித்தது.

கொரோனாக் காலத்தை நம் குடியிருப்பு மறக்கவில்லை. நெஞ்சு ஸ்கேன் எடுக்க மக்கள் வரிசையில் நின்ற நாள்கள் அவை. 2020 செப்டம்பரில் மகாராஷ்டிர அரசு அந்த ஸ்கேனுக்கு ரூ. 2,000 முதல் ரூ. 3,000 வரை என உச்சவிலை விதிக்க நேர்ந்தது. 2021 மே மாதத்தில் அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் டாக்டர் ரந்தீப் குலேரியா, லேசான நோயுடையோர்க்கு அந்த ஸ்கேன் வேண்டியதில்லை என்று எச்சரித்தார். அறிகுறியே இல்லாதோர் நுரையீரலிலும் சில திட்டுகள் தோன்றிச் சிகிச்சையின்றியே மறையும் என்பதையும் சுட்டிக்காட்டினார். கதிர்வீச்சின் அளவு பற்றி அவர் கூறிய கணக்கை ஸ்கேன் நிபுணர்கள் மறுத்தனர். ஆனால் சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சு சாதாரண எக்ஸ்ரேயினும் மிகுதி என்பதில் எவர்க்கும் ஐயமில்லை.

அறுவைக்கு முன் வழக்கமாகச் செய்யும் சோதனைகளிலும் இதே பாடம் உண்டு. நம் பெற்றோர் பலர் கண்புரை அறுவை செய்துகொள்பவர்கள். அதற்கு முன் ரத்தம், இ.சி.ஜி. முதலியவற்றை அனைவர்க்கும் வழக்கமாகச் செய்வதால் பயன் உண்டா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 19,000-க்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்து 2000-இல் முடிவு வெளியிட்டனர். சோதனை செய்தோர்க்கும் செய்யாதோர்க்கும் 1,000 அறுவைக்குச் சுமார் 31 என்ற அதே அளவிலேயே உடற்சிக்கல்கள் நேர்ந்தன. உடல்நிலையை விசாரித்து, தேவையுள்ளவர்க்கு மட்டும் சோதிப்பது போதும் என்று இதனால் விளங்கிற்று.

அப்படியிருந்தும் மருத்துவர்கள் ஏன் எழுதிக்கொடுக்கின்றனர்? காரணங்கள் பல. பின்னால் பழி வருமே என்னும் அச்சம் ஒன்று. நோயாளியோடு பத்து நிமிடம் பேச நேரமின்மை மற்றொன்று. ‘ஒன்றும் எழுதித் தரவில்லை, இவர் என்ன டாக்டர்!’ என்று நாமே கூறும் குறை பிறிதொன்று. நான்காவதாகத் தரகும் உண்டு. தரகு வாங்குதலை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளே தடை செய்தன. தேள்கடிச் சிகிச்சையால் உலகறிந்தவர் நம் அண்டை ராய்கட் மாவட்டத்து மகாட் நகர மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். தாம் அனுப்பிய நோயாளிக்கு ஸ்கேன் எடுத்ததற்காக வந்த ரூ. 1,200 காசோலையைத் திருப்பி அனுப்பியதோடு, 2013-இல் மருத்துவக் கவுன்சிலிடம் புகாரும் செய்தார். 2017-இல் மகாராஷ்டிர அரசு இத்தரகை ஒழிக்கச் சட்ட முன்வரைவு தயாரிக்கக் குழுவொன்றை அமைத்தது. இத்தகைய நேர்மையாளர் இருக்கும் துறையை முழுதும் ஐயுறுதல் அறமன்று. கண்ணை மூடிக்கொண்டு நம்புதலும் அறிவன்று.

அன்பர்களே, காரணமறிந்த சோதனைக்கும் நம் மும்பையே சான்று. 1998-இல் டாட்டா நினைவு மருத்துவமனையார் இந்நகரத்துக் குடிசைப் பகுதிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். பெரிய கருவி ஏதுமில்லை. காடியின் புளிப்பாகிய அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவி, வெண்மை தோன்றுகின்றதா என்று கண்ணாற் பார்ப்பதே சோதனை. அதைச் செய்தவரும் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்களே. இரண்டாண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்றுகள் செய்தனர். கருப்பை வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம் 31 சதவீதம் குறைந்தது. அதே ஆராய்ச்சியில், பணிப்பெண்கள் கையால் மார்பகத்தைச் சோதித்ததன் பயனையும் 20 ஆண்டுகள் கண்காணித்து 2021-இல் வெளியிட்டனர். 50 வயதைக் கடந்த பெண்களிடையே மார்பகப் புற்று மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. இளையோரிடையே அத்தகைய பயன் காணவில்லை. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் வாயைக் கண்ணாற் பார்த்துச் சோதித்த ஆராய்ச்சியிலோ, புகையிலை, மது ஆகிய பழக்கங்கள் உடையோரிடமே நன்மை தெளிவாகத் தெரிந்தது. எந்த நோய், எந்த வயது, எவருக்கு என்று கேட்டுச் செய்த எளிய சோதனை உயிர் காத்தது. 30 வயது கடந்தோர்க்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றைச் சோதிக்கும் அரசுத் திட்டமும் இத்தகைய அறிவின் வழி வந்ததே. கூச்சத்தாலோ சோம்பலாலோ அவற்றைத் தள்ளிப்போடுவது வேண்டாத சோதனையினும் பெரிய தீங்கு என்பதைத் தாய்மார்கள் நினைவிற்கொள்ள வேண்டுகின்றோம்.

இனி நம் உள்ளத்துக்கு நெருக்கமான ஒரு செய்திக்கு வருவோம். நம்மில் பலர் பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு இங்கே பிழைக்க வந்தவர்கள். நெல்லையிலோ சேலத்திலோ தனித்திருக்கும் தாய் தந்தையர்க்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்ற தவிப்பு நம்மை விடுவதில்லை. ஆகவே பிறந்தநாளுக்கும் மணநாளுக்கும் பரிசோதனைத் தொகுப்பையே பரிசாக அனுப்புகின்றோம். காலையில் ஒருவர் வீட்டுக்கு வந்து ரத்தமும் சிறுநீரும் வாங்கிச் செல்கின்றார். மாலையில் அறிக்கை நம் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றது. அம்மா அறியுமுன் மகன் அஞ்சுகின்றான். இரவு பத்து மணிக்குத் தொலைபேசி மணி அடிக்கின்றது. நேற்றுவரை கோலமிட்டுக் கோயிலுக்குச் சென்றுவந்த தாய், இன்று நோயாளியாகிவிடுகின்றார்.

ஒரு சான்று கூறுவோம். வயது முதிர்ந்த பெண்கள் பலருக்கு, எரிச்சலோ காய்ச்சலோ இல்லாதபோதும் சிறுநீரில் கிருமி இருக்கும். அறிகுறி இல்லாத நிலையில் அதைத் தேடவும் வேண்டா, மருந்து தரவும் வேண்டா என்பதே மருத்துவ நூல்களின் முடிவு. தேடிக் கண்டால் ஆன்டிபயாடிக் உண்ண நேரும், வயிறு கெடும், பின்னர் உண்மையாகவே கிருமி தாக்கும்போது அம்மருந்து பலிக்காமற் போகும். ஆனால் கருவுற்ற பெண்ணுக்கு அதே சிறுநீர்ச் சோதனை இன்றியமையாதது; கண்ட கிருமிக்கு மருந்தும் தர வேண்டும். சோதனை ஒன்றே, ஒருவர்க்கு அது காவல், மற்றவர்க்கு அது சுமை.

ஊரிலுள்ள பெற்றோர்க்கு உண்மையில் வேண்டுவன யாவை? ரத்த அழுத்தமும் சர்க்கரையும் முறையாகப் பார்க்கப்படுகின்றனவா, மாத்திரை தவறாமல் உண்ணப்படுகின்றதா, கண் தெரிகின்றதா, காது கேட்கின்றதா, குளியலறையில் வழுக்குகின்றதா, பல்லின்றி உணவு குறைந்துவிட்டதா, பேச ஆள் உண்டா? இவற்றை எந்த ரத்தமும் கூறாது, கேட்டாலன்றித் தெரியாது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மருந்து வீட்டுக்கே வருகின்றது. பெற்றோர் பெயர் அதில் சேர்க்கப்பட்டுள்ளதா என்று விசாரிப்பது, நூறு அளவுகள் அடங்கிய தொகுப்பினும் சிறந்த பரிசாகலாம். ஊரில் ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து காட்டும் வழக்கத்தை ஏற்படுத்தித் தருவது அதனினும் சிறந்தது.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கிய வள்ளுவர், மருத்துவனைப் பற்றி இறுதியிலேயே பேசுகின்றார். அங்கும் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்தலை முன்வைத்து, நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை எண்ணிச் செயற்படச் சொல்கின்றார். ஆளைப் பாராமல், நோயை எண்ணாமல், எல்லார்க்கும் ஒரே பட்டியலை நீட்டும் முறை அந்நெறிக்கு நேர்மாறானது.

ஆதலின், சோதனை எழுதித் தரப்படும்போது நான்கு கேள்விகளைப் பணிவோடு கேட்கக் கற்றுக்கொள்வோம். ஐயா, இச்சோதனையால் எதை அறிய எண்ணுகின்றீர்கள்? விடை எவ்வாறு வந்தாலும் சிகிச்சை மாறுமா? இதனால் வலியோ கதிர்வீச்சோ மேற்கொண்டு செலவோ உண்டா? சில நாள் பொறுத்துப் பார்த்தால் தீங்கு உண்டா? நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ளார்; மகிழ்ந்து விளக்குவார். முன்பு எடுத்த அறிக்கைகளை ஒரு கோப்பில் சேர்த்துவைத்து எடுத்துச் சென்றால், ஒரே சோதனையை மறுபடி செய்வதும் தவிரும்.

இவ்வுரையைக் கேட்டுவிட்டு எவரும் மருத்துவர் கூறிய சோதனையைத் தாமே நிறுத்திவிட வேண்டா. இளைக்கும் உடல், ஆறாத புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, மூன்று வாரமாகியும் தீராத இருமல் என்று அறிகுறி தோன்றினால் ஒருநாளும் தாமதியாதீர்கள். அங்கே கேள்வி தெளிவாக இருக்கின்றது. விடையை உடனே தேட வேண்டும்.

உழைத்து ஈட்டிய பொருளையும், ஊரில் காத்திருக்கும் பெற்றோரின் நிம்மதியையும் வீணாக்காது, வேண்டிய சோதனையை வேண்டிய காலத்தில் வேண்டியவர்க்குச் செய்வோம். நம் குடியிருப்பின் இல்லந்தோறும் நலமும் தெளிவும் நிலவுக!